தேங்காய்ப் பசை

காலை ஏழு மணிக்கு, ஆற்றங்கரைத் திடலில் நடக்கும் மேளாவில், சாவ் ஞானின் கடைக்கு மேலே பேனர் விரிந்தது. விரிந்த உடனேயே எதிர்க்கடையில் ஒருவர் சிரித்தார். பிறகு பக்கத்துக் கடையில் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது.

பேனருக்குப் பின்னால் ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த சாவுக்கு எதுவும் புரியவில்லை. இறங்கி முன்னால் வந்து பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த கயிற்றை நழுவவிட்டாள்.

வியட்நாமிய மொழியில் மூன்றே எழுத்தால் எழுதும் 'கெயோ' என்ற சொல்லின் நடு எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வேண்டும். புள்ளி இருந்தால் மிட்டாய். புள்ளி இல்லாவிட்டால் பசை. அவளுடைய பேனரில் புள்ளி இல்லை. பென் சே ஊரில் பதினெட்டு வருடமாகத் தேங்காய் மிட்டாய் கிண்டும் ஒருத்தி, தான் தேங்காய்ப் பசை விற்பதாகத் தன் பெயரைப் போட்டு, முழ உயர எழுத்தில் அறிவித்திருந்தாள்.

எதிர்க்கடை தாம் லோவனும் மிட்டாய்க்காரிதான். கண்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சாவ் அக்கா, என் செருப்பு வார் பிஞ்சுபோச்சு. உங்க மிட்டாய்ல ரெண்டு குடுங்க, ஒட்டிக்கறேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டு மேளாக் குழுத் தலைவர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. ஒன்பது மணிக்குச் சைகோனிலிருந்து ஒரு பெரிய அங்காடியின் கொள்முதல் அதிகாரி வரப்போகிறார். இந்த வரிசையில் ஒரே ஒரு மிட்டாயைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் கடைகளில் எல்லாம் வைக்கப்போகிறார். அந்த ஒன்று தன்னுடையதாக இருந்தால்தான் சாவின் மிட்டாய் அவள் பெயரிலேயே விற்கும். இல்லையென்றால் எப்போதும்போல மொத்த வியாபாரியிடம் போய், அவர் பெயர் போட்ட பெட்டிக்குள் அடைபடும்.

தலைவர் பட்டென்று சொன்னார். பிழை அவளுடையது என்றால், அந்தக் கடையை அதிகாரியிடம் காட்ட மாட்டார். பெயர்ப்பலகையையே சரிபார்க்காதவள் சரக்கை எப்படிச் சரிபார்ப்பாள் என்று ஊரே கேட்கும். வேறு யாரோ செய்த வேலை என்று தெரிந்தால் பார்க்கலாம்.

சாவ் ஃபோனை எடுத்து உயெனை அழைத்தாள்.

உயெனுக்கு இருபத்தெட்டு வயது. வட்டார மகளிர் சங்கத்தில் மாலை வகுப்பு நடத்துகிறாள். வரையத் தெரியாதவர்களும் ஃபோனிலேயே விளம்பரம் செய்துகொள்ள உதவும் இலவசச் செயலி ஒன்றைக் கற்றுத்தருகிறாள். வெறும் தாளைப் பார்த்து மிரள வேண்டாம், தயாராக இருக்கும் மாதிரி ஒன்றை எடுத்து அதன் படத்தையும் நிறத்தையும் எழுத்தையும் மாற்றுங்கள், கெட்டுப்போனால் பின்வாங்கும் பொத்தானை அழுத்துங்கள் என்பதுதான் அவளுடைய முதல் பாடம். சாவ் முதல் நாள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பூரித்துப்போனவள். நான்காம் வாரம் இரண்டே நிறத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டாள்.

ஏழரைக்கு உயென் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேனரைப் பார்த்தாள். மேலே மஞ்சள் பின்னணியில் உருண்டையான, தடித்த எழுத்துகள். அவற்றுக்குக் கீழே குறுக்காக ஒரு பச்சைத் தென்னங்கீற்று. நடு எழுத்துக்கு நேர் கீழே, கீற்றின் ஓரத்தில், நகம் வெட்டிப் போட்டதுபோல ஒரு கருப்புப் பிறை.

அது என்ன என்று தலைவரைக் கேட்டாள். அச்சு மை சிந்தியிருக்கும் என்றார் அவர்.

உயென் சாவைக் கடைக்குப் பின்னால், பெட்டிகளுக்கு மறைவில் அழைத்துப்போனாள்.

"சாவ் அத்தை, கோவப்படாம சொல்லுங்க. புள்ளியை டைப் பண்ணீங்களா?"

"பண்ணல டீச்சர்."

சாவ் கொஞ்சம் வெட்கத்தோடு காரணத்தைச் சொன்னாள்.

"அந்த உருண்டை எழுத்து மேல எனக்கு ஆசையாப் போச்சு. அது வெளிநாட்டுக்காரன் செஞ்சது போல, நம்ம புள்ளி வச்ச எழுத்து அதுல இல்ல. புள்ளியோட அடிச்சா அந்த ஒரு எழுத்து மட்டும் வேற ஃபான்ட்ல, ஒல்லியா வந்து நிக்குது. கல்யாணத்துக்கு வீட்டு உடுப்போட வந்த மாதிரி. அதான் புள்ளி இல்லாம அடிச்சு, அது இருக்க வேண்டிய எடத்துல ஒரு தேங்காய்ப் படத்தை வச்சேன். உருண்டைத் தேங்காய். அதுதான் புள்ளி."

உயென் அவளை ஒரு கணம் பார்த்தாள். தான் கற்றுத்தராத ஒன்றை மாணவி செய்திருந்தாள். அதுவும் நன்றாகவே செய்திருந்தாள்.

நேற்று இரவு வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்ததாகவும், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று தேங்காயைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை என்றும் சாவ் சொன்னாள். வகுப்பில் படித்தபடி தேங்காய்க்கு நிழலும் போட்டாளாம். ஆனால் நிழல் எங்கேயோ காணாமல் போய்விட்டது, தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பிறகு அந்த வடிவத்தைத் திறக்கும் இணைப்பை வகுப்பின் ஃபோன் குழுவில் போட்டாள். அச்சகத்துக்கும் அனுப்பினாள். விடியற்காலையில் பேனர் சுருளாக வந்து சேர்ந்தது.

"பார்க்க மட்டும்னு அனுப்பினீங்களா, மாத்தலாம்னு அனுப்பினீங்களா?"

"அப்படி ரெண்டு இருக்கா?"

உயென் தலைக்கவசத்தை மெல்லக் கழற்றினாள். இருக்கிறது. அந்தப் பாடம் அடுத்த வாரம். இணைப்பை வைத்திருந்த யார் வேண்டுமானாலும் வடிவத்தைத் திறந்து கைவைத்திருக்கலாம்.

தேங்காய் விஷயத்தை இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்று சாவிடம் கேட்டுக்கொண்டு, உயென் முன்பக்கம் வந்தாள்.

அதற்குள் தலைவரின் சந்தேகம் தாம் லோவன் மீது திரும்பியிருந்தது. அதே வகுப்பு, அதே குழு, அதே தொழில், போதாததற்கு அந்தச் சிரிப்பு. லோவன் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் அந்த லிங்கைத் தொறக்கவே இல்ல. எனக்கு என் பேனரை முடிக்கவே நேரம் பத்தல. அவங்க அஞ்சை அழுத்த மறந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

இந்தப் பக்கத்தில் பலர் எண்விசைகளால்தான் குறிகளை இடுவார்கள். சொல்லை அடித்துவிட்டு ஐந்தை அழுத்தினால் எழுத்தின் அடியில் புள்ளி விழும். உயென் தலையாட்டிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது அச்சக உரிமையாளர் தோவான் வந்தார். மேளாவின் பேனர் எல்லாம் அவர் அடித்ததுதான். அச்சு மட்டுமல்ல, முன்பெல்லாம் வடிவமைப்பும் அவரிடம்தான். ஒரு சின்னத் துண்டு விளம்பரத்துக்கும் அவர் கடையில் காத்திருக்க வேண்டும். மாலை வகுப்பு தொடங்கிய பிறகு பெண்கள் வடிவத்தைத் தாங்களே செய்து, அச்சடிக்க மட்டும் அவரிடம் அனுப்பினார்கள்.

அவர் பேனரை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சாவ் மீது தனக்கு வருத்தம்தான் என்றார். இலவசச் செயலியில் செய்தால் இப்படித்தான் ஆகும், இதற்கெல்லாம் பழகிய கண் வேண்டும் என்றார்.

"தோவான் சித்தப்பா, லிங்கை எத்தனை தடவை தொறந்தீங்க?" என்று உயென் கேட்டாள்.

"ஒரே தடவை. தொறந்தேன், அப்படியே மெஷினுக்கு அனுப்பினேன். அப்பவே புள்ளி இல்ல. வர்றதை அடிக்கிறதுதானே என் வேலை."

"இப்ப சரிபண்ண முடியுமா?"

"புதுசா அடிச்சா மத்தியானம் ஆயிடும். பாவம், வேணும்னா பழுப்பு ஸ்டிக்கர்ல ஒரு தேங்காய் வெட்டி ஒட்டித் தர்றேன். காசு வேண்டாம்."

சாவ் நன்றி சொல்ல வாயெடுத்தாள். உயென் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மணி எட்டேகால். உயென் தலைவரைக் கூப்பிட்டாள். லோவனையும் தோவானையும் நிற்கச் சொன்னாள். மேசை மேலிருந்த மிட்டாய்களை ஒதுக்கி, ஒரு மஞ்சள் துணியை விரித்தாள். ஒரு மிட்டாயை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"இந்தச் செயலியில படம் வரையறதில்ல, அடுக்கறோம்," என்று தொடங்கினாள். குரலில் வகுப்பின் உற்சாகம் வந்துவிட்டது. "துணி பின்னணி. அதுக்கு மேல கீற்று. கீற்றுக்கு மேல பொருள். ஒண்ணு மேல ஒண்ணு. நிழல் வேணும்னா அதே பொருளை நகல் எடுத்து, கறுப்பாக்கி, கொஞ்சம் நகர்த்தி, ஒரு படி பின்னால தள்ளணும். ஒரே ஒரு படி."

சாவின் பக்கம் திரும்பி, எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று கேட்டாள். 'எல்லாவற்றுக்கும் பின்னால்' என்பதை என்றாள் சாவ்.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள் என்றாள் உயென். இன்னொரு மிட்டாயை எடுத்து, முதல் மிட்டாய்க்குச் சற்றுக் கீழே தள்ளி வைத்தாள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு துண்டு வாழையிலையை வாங்கி அதன் மேல் போட்டாள். முதல் மிட்டாயை எடுத்து இலைக்கு மேலே வைத்தாள். அடியில் போன மிட்டாய் கண்ணுக்குத் தெரியவில்லை. இலையின் ஓரத்தில் ஒரு விளிம்பு மட்டும் எட்டிப்பார்த்தது. பிறை வடிவில்.

எல்லோரும் பேனரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அது மை இல்ல. அது நிழல். நிழல் இருக்குன்னா அதைப் போட்ட பொருளும் அங்க இருந்திருக்கு. சாவ் அத்தை எதையும் மறக்கல. அவங்க வச்ச புள்ளியை யாரோ எடுத்திருக்காங்க. கீற்றுக்கு அடியில நிழல் கிடக்கறது அவங்களுக்குத் தெரியல."

உயென் மேலேயிருந்த மிட்டாயை விரலால் சுண்டிவிட்டாள். இலையும் பிறையும் மிஞ்சின.

தலைவர் லோவனைப் பார்த்தார்.

"அவங்க இல்ல," என்றாள் உயென். "லோவன் அத்தை இப்ப வரைக்கும் அந்தப் புள்ளி டைப் பண்றது, அஞ்சை அழுத்தினா வர்றதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. வடிவத்தைத் தொறந்து பார்த்தவங்க அப்படிப் பேச மாட்டாங்க."

பிறகு அச்சகக்காரரிடம் திரும்பினாள்.

"சித்தப்பா, சொல்லு எழுதறப்போ அடிப்புள்ளின்னா வட்டமா ஒரு கறுப்புப் பொட்டு. இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க. நீங்க ஏன் தேங்காய் வெட்டித் தர்றேன்னு சொன்னீங்க?"

"தேங்காய் மிட்டாய் கடை. அதான்."

"எழுத்துக்குத் தேங்காயா? இதுவரைக்கும் எத்தனையோ பேனர் அடிச்சிருக்கீங்க. புள்ளிக்குப் பதிலா தேங்காய் வச்சு ஒண்ணாவது அடிச்சிருக்கீங்களா? சாவ் அத்தை அதை நேத்து ராத்திரிதான் யோசிச்சாங்க. இன்னிக்குக் காலைல எனக்கு மட்டும்தான் சொன்னாங்க. ஒரே தடவை தொறந்தேன், அப்பவே புள்ளி இல்லன்னு நீங்களே சொன்னீங்க. இல்லாத தேங்காயை எங்க பார்த்தீங்க?"

தோவான் அண்ணாந்து பேனரைப் பார்த்தார்.

மறுக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். இந்த மேளாவில் ஒரு பேனராவது ஊர் சிரிக்கும்படி ஆனால், பெண்கள் மறுபடி தன் கடைக்கு வருவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லையாம். ஒரே தொடலில் கெடுக்கக்கூடியதாக இது ஒன்றுதான் இருந்தது.

சாவ் அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"நல்லா இல்லாம இருந்திருந்தா நீ தொட்டிருக்கவே வேண்டாம் தம்பி. தானாவே சிரிச்சிருப்பாங்க."

சாவின் கடை அதிகாரியின் சுற்றில் இருக்கும் என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். புதுப் பேனர் தோவான் செலவில். ஆனால் அது மத்தியானம்தான் வரும், அதிகாரி ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். தோவான் பழுப்பு ஸ்டிக்கரை நினைவுபடுத்தினார். சாவ் வேண்டாம் என்றாள்.

அடுப்பெரிக்கக் கொண்டுவந்திருந்த கொட்டாங்கச்சிக் குவியலில் கைவிட்டுத் துழாவினாள். உருண்டையான ஒன்றைத் தேர்ந்தாள். லோவன் தன் கடையிலிருந்து கம்பியும் ஆணியும் எடுத்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உயென் கீழே நின்று இடம் சொன்னாள்: கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், எழுத்துக்கு நேர் நடுவில். சாவ் கொட்டாங்கச்சியில் துளையிட்டு, கம்பியைப் பேனருக்குப் பின்னால் இழுத்து முறுக்கினாள்.

காலை வெயில் சரிவாக விழுந்தது. கொட்டாங்கச்சி பேனரிலிருந்து புடைத்து நின்றது. அதன் நிழல், எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், சரியான இடத்தில் சரியாக விழுந்தது.

வரிசையில் யாரோ மறுபடி சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சிலர் ஃபோனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். யெப் என்று பெயர், ஐம்பதை நெருங்கும் பெண், வேகமான நடை. முதல் நான்கு கடைகளில் நிற்காமல் தலையாட்டிக்கொண்டே வந்தவர், சாவின் கடைக்கு எட்டடி முன்பாகவே நின்றுவிட்டார். நிமிர்ந்து கொட்டாங்கச்சியைப் பார்த்தார். வாய்விட்டு அந்தச் சொல்லைப் படித்தார். பிறகு ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டு, கரையும்வரை சுவைத்தார். இன்னொன்று கேட்டார்.

"இதை யாரு வடிவமைச்சது? சைகோன் கம்பெனியா?"

தலைவர் தடுமாறி, பக்கத்தில் நின்ற அச்சகக்காரரைப் பார்த்தார். யெப்பும் அந்தப் பக்கம் திரும்பினார். தோவான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அச்சடிச்சது அவரு," என்றாள் சாவ். மடக்கிவிட்டிருந்த சட்டைக் கைகளை நிதானமாக இறக்கிவிட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். "செஞ்சது நான்."

யெப் பேனரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப பெட்டிக்கும் நீங்களேதான் செய்யணும்," என்றார். "வேற யாரும் கைவைக்க வேண்டாம்."