வெளுத்த தோட்டத்துக்கு ஒரு டிக்கெட்

"பாருங்க... நல்லாப் பாருங்க... வெள்ளைப் பூந்தோட்டம். இப்படிப் பூக்கறது அபூர்வம்..."

ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டபோது அவள் அப்போதுதான் கடலுக்கு மேல் தலையை நீட்டியிருந்தாள். வாயில் கவ்வியிருந்த காற்றுக்குழாயைத் துப்பினாள்.

"யோவ்... பூவா அது?"

பக்கத்தில் கண்ணாடிப் படகு. அடித்தட்டில் கண்ணாடி பதித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே பவளப்பாறைகளைக் காட்டுகிற படகு. ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். அவன் கண்கள்... சரி, அது பிறகு. இப்போது கோபம்.

"பட்டினி அது. தண்ணி சூடாகி, கூடக் குடியிருந்த பாசியைப் பவளமே துரத்திடுச்சு. அதுக்குச் சோறு போட்டதே அந்தப் பாசிதான். இப்ப சாகக் கிடக்கு. நீங்க டிக்கெட் போட்டுக் காட்டறீங்க."

படகில் ஒரு குழந்தை, "செத்துருமாம்மா?" என்று அழ ஆரம்பித்தது. தொற்றிக்கொண்டு இன்னும் இரண்டு அழுதன.

"மேடம், அந்த முகமூடியைக் கழட்டிட்டுத் திட்டுங்க. யார் திட்டறாங்கன்னாவது தெரியட்டும்."

கழற்றினாள். கழற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது... முகத்தில் ரப்பர் பதிந்த சிவப்பு வட்டம், போதாததற்கு மூக்கொழுகல். ஒரு ஆண்பிள்ளை முதன்முதலில் பார்க்கிற முகமா இது?

கரையேறியதும் அக்கா பிடித்துக்கொண்டாள். அவனுடைய அக்கா. டிக்கெட் கவுண்டர் அவளுடையது. படகுத்துறையே அவள் சொல்லுக்கு அடக்கம்.

"நீதானா அந்தக் கடல் ஆபீஸ் பொண்ணு? இந்த வாரம் அளந்து கையெழுத்துப் போட்டா, வெயில் தணியற வரைக்கும் பாறைப் பக்கம் படகே போகக் கூடாதாமே. என் பிள்ளைங்க ரெண்டும் உன் ஆபீஸ்ல வந்து சாப்பிடுமா?"

வெளுத்த பவளம் உடனே சாகாது. நங்கூரமும் கூட்டமும் இல்லாமல் விட்டால் பாதியாவது பிழைக்கும். பவளம் போனால் மீன் போகும், மீன் போனால் இந்தத் துறையே போகும். எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மட்டும் அவளிடம் விடை இல்லை.

"இவளுக்கு ஒருத்தனும் படகு தரக் கூடாது" என்றாள் அக்கா. தரவில்லை.

அன்று முழுக்க எரிந்து விழுந்தாள். கடலைச் சூடாக்கியவன் எவனும் இந்தப் படகுத்துறைக்கு வருவதில்லை. வந்தால் அவனைக் கிழித்திருக்கலாம். கைக்குக் கிடைத்தவன் ஒரு படகுக்காரன்...

மறுநாள் பெரிய தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு அவளே ஒரு டிக்கெட் வாங்கினாள். பவளத்தின் நிறத்தை ஒப்பிடும் வண்ண அட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தாள். படித்த படிப்பென்ன, செய்கிற திருட்டு வேலையென்ன.

பாறை வந்ததும் எஞ்சினை நிறுத்தினான். மைக்கை எடுத்தான்.

"நேத்துவரைக்கும் இதைப் பூன்னு சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லலைங்க... நிஜமாவே எனக்கு அழகாத் தெரிஞ்சுது. இது பூ இல்ல. பட்டினி."

"துக்கம் விசாரிக்கவா காசு குடுத்து வந்தோம்?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க. வந்ததுக்கு நன்றி." பிறகு மைக் இல்லாமல், தொப்பிக்குக் குனிந்து சொன்னான். "மேடம், எதுக்கு இந்த மாறுவேஷம்... சாயங்காலம் இறங்கியே பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன். அக்காகிட்ட அடி வாங்கறது எனக்குப் பழக்கம்தான்."

சாயங்காலம் இறங்கினாள். பாறை பாறையாக அட்டையை வைத்துப் பார்த்தாள். வெள்ளை... மறுபடி வெள்ளை... மேலே வந்தபோது தூறல். சுட்டுக் கிடந்த கடலுக்கு அது உதட்டை நனைக்கக்கூடக் காணாது. அவன் கை நீட்டினான். பிடித்து ஏறியவள், விட மறந்து, மறந்ததை உணர்ந்து, வெடுக்கென்று விட்டாள்.

"முக்கால்வாசி வெளுத்துப்போச்சு. நான் கையெழுத்துப் போட்டா உங்க படகு நிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வராம?" முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "பட்டினி கிடந்ததைப் பூன்னு வித்த என் மேல கோபம். அத்தனை பேர் முன்னால சொல்லிக்காட்டின உங்க மேல கோபம். நேத்து மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன். திட்டு தீர்ந்துபோச்சு... நீங்க மட்டும் போகலை."

மழை அவன் இமையில் நின்றது. அவள் அவசரமாகக் கடலைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடத்தான் போறேன்."

"போடுங்க. நான் சரக்குப் படகுல வேலைக்கு ஏறிக்கறேன், அக்கா வீட்டு அடுப்பு எரியும். ஆனா லீவு நாள்ல உங்க ஆபீஸ் வாசல்ல வந்து சண்டை போடுவேன்."

"அடுத்த வருஷமும் கடல் சூடாகும். அப்பவும் மூடுவேன்."

"அப்பவும் சண்டை போடுவேன்."

"வருஷா வருஷமா?"

அவன் காது சிவந்தது. "அதைத்தாங்க... நேத்துலேர்ந்து எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அவளுக்கு அழுகையாக வந்தது. கீழே அத்தனை வெள்ளை, கரையில் அக்கா, நடுவில் இவன்...

"உங்களைப் பிடிச்சுப்போச்சு" என்றாள் கடுகடுவென்று. "போயும் போயும் இந்த நேரத்துலயா வரணும் இது? அதுதான் எனக்கு எல்லாத்தையும்விட எரிச்சல்."

அவன் சிரிக்கவில்லை. நங்கூரம் போடாமல் வைத்திருந்த படகு மெல்ல விலக, துடுப்பை எடுத்து அதை மறுபடி பாறைப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினான்.

"வாசல்ல வேணாம்" என்றாள் அவள், இன்னும் கடலைப் பார்த்தபடி. "வீட்டுக்கு வந்தே சண்டை போடுங்க."