ஒட்டும் டயர்

வண்டி நின்ற பிறகும் அதிர்வு நிற்கவில்லை. புதன்கிழமை காலை தொப்பூர் இறக்கத்தில் ஒரு டீக்கடை ஓரமாக வீரமணி காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கியும் போய்விட்டான். தேவிப்பிரியாவின் தொடை மேல் மட்டும் அந்த ‘ஊம்ம்ம்’ இன்னும் நாலு மூச்சு நேரம் ஓடிக்கொண்டிருந்து, பிறகுதான் அடங்கியது. மடியில் ஏழு மாதக் காவேரி கண்மூடிக் கிடந்தாள். தருமபுரியில் ஏறியதிலிருந்து அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று தேவி நினைத்துக்கொண்டாள்.

சனியன் பிடித்த டயர். ரேஸ் மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் மாட்டுகிற டயரைக் கொண்டுவந்து, சேலத்துக்கு வேலைக்குப் போய்வருகிற காரில் மாட்டினால் காதுதான் கிழியும். நாற்பதில் முனகல், அறுபதில் ஊளை, எண்பதில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. சிமெண்ட் ரோட்டில் ஒரு குரல், தார் ரோட்டில் இன்னொரு குரல், நடுநடுவே ஒட்டிய பொடிக்கல் அடித்தகட்டில் தெறிக்கிற சடசடப்பு. ஆனாலும் வீரமணியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போன மழைக்காலத்தில், காவேரி வயிற்றில் இருந்தபோது, இதே இறக்கத்தில் கார் வழுக்கிக்கொண்டு போய் ஒரு லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பித்து. ஓசூரில் ரேஸ் ஓட்டுகிற நண்பனிடம் நாலு டயரையும் வாங்கி வந்துவிட்டான்.

“சூடேறுச்சின்னா பசையாட்டம் ரோட்டப் புடிச்சிக்கும் தேவி. இனிமே வழுக்கற பேச்சே கெடையாது.”

ரோட்டை மட்டுமா பிடித்தது? கல், தார், கோழி இறகு, எவனோ துப்பிய பாக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் வீரமணி ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து அதையெல்லாம் நோண்டிப் பழைய பேப்பரில் கொட்டுவான்.

போன மாதம் டயருக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே நாளில் கோயிலுக்குப் போனார்கள். டயருக்குப் பூசை, காவேரிக்கு முதல் சோறு. ரெண்டு நாள் லீவு எதற்கு என்றான் வீரமணி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சேவலை அறுத்து, ரத்தத்தை விரலில் தொட்டு நாலு டயருக்கும் அவனே பொட்டு வைத்தான். அதே விரலால்தான் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக் குழந்தையின் நாக்கிலும் வைத்தான்.

“ஏங்க, கையக் கழுவிட்டு ஊட்டுங்க!”

“தொடச்சிட்டேன்டி. சாமி ரத்தம், ஒண்ணும் ஆவாது.”

காவேரி அந்த விரலை விடாமல் சப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பால் குடிக்கவில்லை. மார்பில் வாய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தேவிக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. சேலத்தில் இருவரும் வேலைக்குப் போனதும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தேவியின் அம்மா. அவள் தினமும் தேவிக்குப் போன் செய்தாள். “பகலு பூரா ஒரு சங்கு பால் எறங்கலியே புள்ளைக்கு.” டாக்டரோ எடை போட்டுப் பார்த்து, “நல்லா ஏறியிருக்கு, எதுக்கு பயப்படறீங்க?” என்றார். ஏறியது உண்மைதான். மடியில் வைத்தால் கால் கடுத்தது. எதைத் தின்று ஏறியது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது, மேட்டில் ஒரு செம்பட்டை நாய் நசுங்கிக் கிடந்தது. செத்து ரெண்டு நாளாவது இருக்கும். இரண்டு பக்கமும் லாரி, ஒதுங்க வழியில்லாமல் வீரமணி அதன் மேலேயே ஏற்றினான். ஊளை சட்டென்று இறங்கி, ஈரமாக ‘சளப், சளப்’ என்று மாறியது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தும் ஏசி வழியாக வீச்சம் உள்ளே வந்து, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தேவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

காவேரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மட்டும் அசைந்தது. சளப் என்றால் ஒரு மெல்லல். சளப் என்றால் இன்னொரு மெல்லல். பிறகு ‘மடக்’கென்று விழுங்கினாள்.

வீடு சேர்ந்ததும் தேவி முதலில் டயரைத்தான் போய்ப் பார்த்தாள். ஒரு மயிர் இல்லை. ஒரு பொடிக்கல் கூட இல்லை. நாலும் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி பளபளத்தன.

காலையில் அணையாடையை அவிழ்த்தாள். கன்னங்கரேல் என்று தார் மாதிரி இருந்தது. தொட்டால் நூல் நூலாக இழுத்தது. அதற்குள் குட்டை குட்டையாகச் செம்பட்டை மயிர். ச்சீ, கருமம்! தேவி அதை அப்படியே கொண்டுபோய் வீரமணியிடம் காட்டினாள்.

“ஏதாச்சும் போர்வைய வாயில போட்டிருக்கும்,” என்றான் வீரமணி.

“செம்பட்டைப் போர்வை நம்ம வூட்டுல எங்கீங்க இருக்கு? அந்த டயரக் கழட்டற வரைக்கும் நானும் புள்ளயும் அதுல ஏற மாட்டோம்.”

அவள் போட்ட போட்டில் அவன் பணிந்துவிட்டான். பழைய டயர் நாலும் சேலத்தில் முருகேஷின் டயர் கடையில் கிடந்தன. சனிக்கிழமை மாற்றிவிடலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை தேவி பஸ்ஸில் போனாள். காவேரி போகும்போதும் கதறினாள், வரும்போதும் கதறினாள். பால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், சோறு வேண்டாம். விடியும்போது உதடு வெடித்து, குரல் போய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பெற்ற வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? சனிக்கிழமை காலை வீரமணி காரை எடுத்தபோது, கடைசியாக ஒரு தடவை என்று தேவியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினாள். கார் நகர்ந்தது. ஊம்ம்ம். காவேரி அழுகையை நிறுத்திவிட்டாள்.

தொப்பூர் இறக்கத்தில் வண்டிகள் ஊர்ந்தன. லாரிக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் கிடந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ரோட்டில் மணலைக் கொட்டியிருந்தார்கள். அது அதற்குள் நனைந்து கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு பெண்ணின் ஒற்றைச் செருப்பு. கொஞ்சம் கனகாம்பரம்.

“போங்க, போங்க! நிக்காதீங்க!” போலீஸ்காரர் கையை வீசினார்.

“சுத்திப் போங்க,” என்றாள் தேவி.

“எங்கடி சுத்தறது? பக்கத்துல லாரி நிக்குது.”

“அது மேல ஏத்தாதீங்க. உங்க கால்ல வுழறேன், ஏத்தாதீங்க!”

பின்னால் ஹாரன். கார் நகர்ந்தது. காவேரி கண்ணைத் திறந்தாள்.

சளப்.

தேவி குழந்தையின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் தாடை அசைந்தது.

சளப். சளப்.

மடக்.

“நிறுத்துங்க!”

கொஞ்சம் தள்ளி ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். வெயில். கண்ணாடிக்கு வெளியே ஒரு ஈ. நாலு மூச்சு ஆயிற்று. பத்து மூச்சும் ஆயிற்று. தொடை மேல் அதிர்வு நிற்கவில்லை.

தேவி குழந்தையின் வயிற்றில் கை வைத்தாள். அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

“தேவி,” என்றான் வீரமணி. “என்னடி சத்தம் அது?”

எதையாவது விழுங்கிய குழந்தைக்கு எந்தத் தாயும் செய்வதைத்தான் தேவி செய்தாள். கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்து, ஆட்காட்டி விரலை உள்ளே விட்டாள். ஈறில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. பல் முளைத்திருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு அது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு நகம். சிவப்புப் பாலீஷ் போட்ட, ஒரு பெரிய பெண்ணின் முழு நகம்.

காவேரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். உதடு விரலைச் சுற்றி மூடிக்கொண்டது. உள்ளே நல்ல சூடு.

தேவி விரலை இழுத்தாள். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊம்ம்ம்.