ஐந்து வௌவால் அங்கி

"அடுத்த வருஷம் விசா எடுக்கிறேன்" என்று லீவுக்கு லீவு சொல்லிக்கொண்டிருந்த லுக்மான், இந்தத் தடவை கேட்காமலே விசா அனுப்பினான். காயல்பட்டினத்திலிருந்து அவன் மனைவி ஹிஃப்ஸா துபாயில் வந்து இறங்கிய அன்றே, ஒரு பட்டு அங்கியையும் நீட்டினான். பழைய சீனச் சாமான் விற்கும் அவன் கடைக்கு வந்த சரக்கு. மஞ்சள் பட்டில் நாரை, பீச் பழம், நெஞ்சில் ஐந்து சிவப்பு வௌவால்.

"ஏங்க, வௌவாலா? நம்ம ஊர்ல வெரட்டி அடிப்போமே!"

"சீன ராஜா வீட்டுல அதான் பரக்கத்து. அஞ்சு வௌவாலுன்னா அஞ்சு பாக்கியம். நாரையும் பழமும் நீண்ட ஆயுசு. மனசார வாங்கிக்கிட்டேன்னு சொல்லு புள்ள."

அவன் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. கடை அலைச்சல் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கொடுத்தால் வேப்பங்காயும் இனிக்கும் அவளுக்கு. அப்படியே சொன்னாள்.

மறுநாள் மதியம் லுக்மான் கடையை அடைத்துவிட்டு வந்து படுத்தான். கூடத்தில் அவள் அங்கியைப் போட்டுப் பார்த்தாள். வெளியே மணல்காற்று. பொத்தானே இல்லை, வெறும் நாடாக்கள். கை விரலையும் தாண்டித் தொங்கியது. கற்பூர வாசனை வந்தது. அதற்கடியில் ஈர மண் வாசனை.

ஏசி உறுமலுக்கு நடுவே, காதோரம் ஒரு மூச்சு.

அவள் தன் மூச்சை அடக்கினாள்.

அது அடங்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கடைச் சாவி வாங்க வந்த கூட்டாளி ஈசா, அவளைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"மைனி, இத யாரு குடுத்தா?"

"அவுஹதான். ஆயுசுக்கு நல்லதாமே."

ஈசா குரலைத் தாழ்த்தினான். "ஆயுசுக்குத்தான். ஆனா சீனாவுல மையித்துக்கும் இதே சித்திரம் போட்டுத்தான் உடுத்துவாங்க. விரல் தெரியக்கூடாது, பொத்தான் கூடாது. இது கபன் மைனி, பொணத்துக்குப் போடுற துணி. அரண்மனைக்காரி ஒருத்தியோட கல்லறைலேர்ந்து வந்தது. வந்த நாள்லேர்ந்து அவனுக்குத் தூக்கம் இல்ல. பக்கத்துல யாரோ படுக்குறாங்கன்னு அழுவான். வேற யாராச்சும் மனசார வாங்கிக்கிட்டா அவனை விட்டுருமாம். அதுக்குன்னு உங்களயா..."

அப்படியென்றால் விசா வந்ததே இதற்குத்தான்.

படுக்கையறைக்கு ஓடி அவனை உலுக்கினாள். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

லுக்மான் பாதிக் கண் திறந்தான். "நீ குர்ஆன் ஓதுறவ... உன்ன ஒண்ணும் செய்யாதுன்னு..." திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டான்.

கட்டினவனே குழி பறித்துவிட்டான். பயத்தைவிட அதுதான் அவளை அறுத்தது. நாடாவை அவிழ்த்து, அங்கியைக் கழற்றி அவன் மேலேயே எறியப் போனாள். இடது கை வந்தது.

வலது கை வரவில்லை.

பட்டுக்குள்ளே, சில்லிட்ட இன்னொரு கை அவள் விரல்களோடு விரல் கோத்திருந்தது.