என் காசுல வாங்குனது

மேலேயிருந்து ஏதோ விழுந்தது. சிவப்புத் தண்ணீர் தெறித்து வேதாவின் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஐப்பசி வானம் கறுத்துக் கிடந்தது. மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. குனிந்து வாளியைப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த அவளுடைய புது அரக்குச் சிவப்புப் புடவையின் மேல், சந்தன நிறத்தில் ஒரு பேண்ட் இரண்டு கால்களையும் விரித்துக்கொண்டு சொகுசாகக் கிடந்தது.

விருந்தாளி வந்திருக்கிறார் பார்...

அவசரமாக வெளியே இழுத்தாள். அதற்குள் சந்தன நிறம் பாதி போய்விட்டிருந்தது. முழங்காலில் ஒரு சிவப்புத் தீவு, இடுப்பில் இன்னொன்று. உள்பக்கத்தில் தங்க எழுத்தில் பெயர் மின்னியது. ராயல்டன் சூட்டிங்ஸ்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் தம்பி ராமதாஸ் இதே பெயரைச் சொல்லித்தான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தான். தீபாவளிக்கு ராயல்டன் பேண்ட் எடுத்துத் தராவிட்டால் காலேஜுக்கே போகமாட்டானாம். மற்ற பையன்கள் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பெயர் பார்க்கிறார்களாம். அப்பா பரசுராமன் எதுவும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கடலை போட்டிருந்த நிலத்துக்குச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அப்பா பேசாமல் போனதுதான் வேதாவைச் சுட்டது.

வீட்டில் மட்டுமா? அவள் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் இதே பேச்சுதான். பக்கத்து நாற்காலி சரோஜா சிங்கப்பூர் நைலக்ஸ் கட்டிக்கொண்டு வந்து, வேதாவின் நூல் புடவையை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள். கவர்மெண்ட் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏன் இப்படி என்பாள். வேதா பதில் சொல்வதில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த மடிப்பு குலையாமல் நிமிர்ந்து உட்கார்வாள். அதுதான் பதில்.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தாள். லுங்கியும் பனியனுமாக ஒருவன் மூச்சு வாங்க நின்றான். மேலே போர்த்திய துண்டைக் கூச்சத்தோடு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். நெற்றியில் மழைத்தூறல். அதற்குக் கீழே... நல்ல கண்கள். பயந்துபோன கண்கள்.

"பக்கத்து லாட்ஜுலேருந்து வர்றேங்க. என் பேண்ட் ஒண்ணு காத்துல..."

அவள் பேசாமல் அதைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு சொட்டியது.

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தக் கணத்தை அவனே கெடுத்துக்கொண்டான்.

"இது இன்னா துணின்னு தெரியுமாங்க? ராயல்டன். தையல்கூலி இல்லாமலே நூத்தி எண்பது ரூபாய்."

"நான் போய் உங்க கொடியிலேருந்து இழுத்துட்டு வரலீங்களே. அதுவாத்தான் வந்து விழுந்துச்சு."

"விழுந்தா தண்ணியில நனையும். இப்படிச் சாயம் ஏறுமா? எந்தப் புடவைங்க இது... முதல் நனைப்புலயே இவ்ளோ சாயம் போவுது?"

வேதாவின் கண்கள் அகலமாயின. கோபம் வந்தால் அவள் குரல் உயராது. தாழும்.

"சாயம் போகும்னு தெரிஞ்சுதான் உப்புத் தண்ணியில போட்டேன். சாயம் போனாலும் என் காசுல வாங்குனது. என் காசுக்கு மேல ஆசைப்பட்டு எதையும் நான் கட்டுறதில்ல."

அவன் துண்டை இன்னொரு முறை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பிறகு, தோற்றுப்போக மனமில்லாத சின்னப் பிள்ளை மாதிரி, "பரவாயில்லீங்க. பெட்டியில இந்த மாதிரி ஆறு வெச்சிருக்கேன். சக்கரவர்த்தின்னு பேரு. ராயல்டன் கம்பெனி சேல்ஸ் ரெப்பு" என்றான்.

"ஆறு இருந்தா இந்த ஒண்ணுக்கு ஏன் லுங்கியோட ஓடி வந்தீங்க?"

அவன் கையை நீட்டினான். பேண்டை வாங்கிக்கொண்டான். படி இறங்கியவன் திரும்பி அவளை ஒருமுறை பார்த்தான். சண்டைக்காரன் பார்வையாக இல்லை அது. என்ன பார்வை என்று அவளுக்கும் புரியவில்லை. தெருவெல்லாம் சிவப்புச் சொட்டு விட்டுக்கொண்டே போனான்.

வேதா டூட்டிக்குக் கிளம்பித் தேரடித் தெருவில் நடந்தபோது அவனை மறுபடி பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் துணி சாம்பிள் பெட்டி. சட்டைக் காலர் நைந்துபோய், பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. தையல் தெரிந்தவள் கண்ணுக்கு அது தப்பாது.

ஆறு பேண்ட் இருக்கிறவனுக்கு எதற்குத் திருப்பித் தைத்த காலர்?

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. அவன் நடந்த விதம் அப்படி. ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடையின் படியேறும்போது கடைப் பையன்கள் அவனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, தலை குனியாமல் உள்ளே போனான். யாரோ நெஞ்சில் லேசாகத் தட்டியது போல அவள் நின்றுவிட்டாள்... பிறகு டூட்டி ஞாபகம் வந்து நடையைக் கட்டினாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியவில்லை. தபாலாபீசிலிருந்து யாரோ வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டார்கள். மெட்ராஸ் நம்பர். பேசுகிறவர் பெயர் கேட்டாள்.

"சக்கரவர்த்திங்க."

விரல் ஒரு நொடி தயங்கியது. அவனுக்கு அவள் குரல் தெரியவில்லை. லைனைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் சட்டம். வேலைக்கு வந்த நாளிலிருந்து வேதா அதை மீறியதில்லை.

அன்றைக்கு மீறினாள்.

மறுமுனையில் கம்பெனி மேனேஜர். போன வருஷத்தைவிட ஜாஸ்தியாக ஆர்டர் கிடைத்திருப்பதை முதலில் சொன்னான் சக்கரவர்த்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, பேண்ட் கெட்டுப்போனதையும் வேட்டியில் போனதையும் சொன்னான். மேனேஜர் கத்திய கத்தலில் வேதாவின் காது வலித்தது. கம்பெனி கொடுத்த ஒரே செட்டைக் காப்பாற்றத் தெரியாதவன் கம்பெனிக்கு எதற்கு என்றார். வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றால் ராயல்டன் மானம் என்ன ஆகும் என்றார். துணிக்கு உண்டான பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொன்னவர், யார் கெடுத்தது, அவர்களிடம் வசூல் பண்ணிக்கொண்டு வா என்றார்.

வேதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் கெடுக்கல சார். என் கவனக்கொறைவுதான்."

பிறகு மேனேஜர், அடுத்த மாதத்திலிருந்து வட ஆற்காடு ஏரியா அவனுக்குக் கிடையாது, இனிமேல் குடோனில் மூட்டை எண்ணட்டும் என்றார்.

"சரி சார்." அவன் குரல் நடுங்கவில்லை. "ஆனா ஒண்ணு சார். வேட்டியில போனதுக்கு நான் வெக்கப்படல. எங்கப்பா கட்டுற துணி அது. அவரு நிலத்துல கஷ்டப்பட்டுதான் என்னைப் படிக்க வெச்சாரு."

லைன் அறுந்தது. வேதாவுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் சரோஜா என்ன என்று கேட்டதற்குத் தூசி என்றாள். மழைநாளில் ஏது தூசி என்று சரோஜா திருப்பிக் கேட்டபோது வேதா அடுத்த லைனைப் போட ஆரம்பித்திருந்தாள்.

டூட்டி முடிந்ததும் லாட்ஜுக்குப் போய் விசாரித்தாள். ரூமைக் காலி பண்ணிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை வந்தது. நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மெட்ராஸ் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பெட்டியை நனையாமல் அணைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் திகைத்தான்.

"நீங்க மேனேஜர்கிட்ட பேசுனதை நான் கேட்டேன்" என்றாள், சுற்றி வளைக்காமல். "நான் டெலிபோன் ஆபரேட்டர். அந்த டிரங்க் காலைப் போட்டுக் குடுத்தது நான்தான்."

அவன் முகம் இறுகியது. காலையில் லுங்கியோடு நின்றபோதுகூட இல்லாத அவமானம் இப்போது அதில் தெரிந்தது.

"ஒட்டுக் கேட்டீங்களா? நான் திட்டு வாங்குனதையா?"

"ஆமா. தப்புதான். நீங்க புகார் எழுதிப் போட்டா என் வேலைகூடப் போகும். போனாலும் பரவாயில்ல, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. வந்து சொல்லிட்டேன். இனிமே உங்க இஷ்டம்."

மழை இருவருக்கும் நடுவில் கொட்டியது. அவன் அவளையே பார்த்தான். அவள் கண்களைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தாத அந்தக் கண்களில் குடை விளிம்பின் துளி ஒன்று விழுந்து, இமை படபடத்தது... அவன் கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஆறு பேண்ட்டுனு சொன்னது பொய்ங்க" என்றான் மெதுவாக.

"தெரியும். காலர் சொல்லிடுச்சு."

அவன் சட்டென்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

நாளைக்கே மெட்ராசுக்கு போன் போட்டு, சாயம் ஏறியது தன் புடவையால்தான் என்று மேனேஜரிடம் தானே சொல்லிவிடுவதாக வேதா சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். பறந்து போனது தன் துணி, அதற்கு அவள் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றான். பாதிப் பணமாவது தருகிறேன் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றான். இரண்டு பேருக்குமே விட்டுக்கொடுக்கிற வழக்கம் இல்லை போலிருந்தது. டீக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க" என்றாள் வேதா. "வேலை போற நேரத்துல என்னை ஏன் மறைச்சீங்க? நான் உங்களுக்கு யாரு?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவன் பஸ்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நாலு வருஷமா இந்தக் கம்பெனி துணியைப் போட்டுக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கறேன். எல்லாரும் பேண்டைப் பார்த்துதான் வணக்கம் சொன்னாங்க. நானும் அது எனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன். காலையில நீங்க, 'என் காசுல வாங்குனது'ன்னு சொன்னீங்க பாருங்க... அப்படி நிமிர்ந்து சொல்ல எங்கிட்ட இன்னா இருக்குன்னு யோசிச்சேன். எங்கப்பாவோட வேட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. கோயிலுக்குப் போகலாம்னு எடுத்துட்டு வந்தது. அதைக் கட்டிக்கிட்டுப் போனேன். அப்பால உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு எப்படிங்க மனசு வரும்?"

பஸ் உறுமத் தொடங்கியது.

"குடோன் வேலை எனக்கு வேணாம். திங்கக்கிழமை ராஜினாமா எழுதிக் குடுத்துடுவேன்" என்று அவசர அவசரமாகச் சொன்னான். "கணக்கு தெரியும், துணி தெரியும். வேற வேலை தேடிக்குவேன். கொஞ்ச நாள் ஆகும். அதுக்கப்புறம் நான் இந்த ஊருக்கு வந்தா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தெரியாமல், பஸ்ஸின் பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்றான். கண்டக்டர் அவனைப் பார்த்து, ஏறப் போகிறீரா இல்லையா என்று கேட்டார்.

வேதாவுக்குக் காது மடல் சுட்டது. சொல்லாதே என்றது ஒரு மனசு. பெண்பிள்ளை முதலில் சொல்வதா என்றது. அப்பா முகம் வந்து போனது. ஆனால் அவள் தன் வாழ்க்கையில் எதையும் இன்னொருவர் வந்து கொடுக்கட்டும் என்று காத்திருந்தது கிடையாது. படித்ததும் அப்படித்தான், வேலைக்குப் பரீட்சை எழுதியதும் அப்படித்தான்.

"வேலை கெடைக்கிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்கப்பா நிலத்துக்குப் போகமாட்டாரு. வீட்டுலதான் இருப்பாரு. வாங்க."

"வந்து... அவருகிட்ட இன்னா சொல்லட்டும்?"

"என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க." அவள் குரல் தாழ்ந்தது. இந்த முறை கோபத்தினால் இல்லை. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லிக்கறேன்."

அவன் கண்களில் மழையா வேறெதுவுமா, அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பஸ் நகர்ந்து வேகமெடுத்தது. படியில் தொற்றிக்கொண்டே அவன் போய்ட்டு வர்றேங்க என்றான். அது சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"போய்ட்டு வாங்க" என்றாள் வேதா, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்க.