ஆள் இருக்கு

மாயக்காள் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் எதையோ கொண்டுவந்து போட்டவள்போல் இருந்தது.

“இதுல ஒரு புள்ளி வருதுக்கா. கொஞ்ச நாள் இருக்கும், போயிரும். பெறகு வரும். அவ அப்பா அதுக்குள்ளதான் இருக்காருன்னு எம்மக சொல்றா.”

சிம்மக்கல் மாடி அறையில், ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த சிவபாண்டிக்கு வாய்க்குள் போன டீ இறங்கவில்லை. அவனுடைய ஆட்டோ கீழே நின்றது. தமிழ்வாணி காப்பீட்டுக் கம்பெனிக்கு விபத்து விசாரணை செய்து பாதி ஆயுளை ஓட்டியவள். அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்ததிலிருந்து அவளுக்கு வண்டியும் துணையும் சிவபாண்டிதான். ஆளுக்கு ஆர்வம் அதிகம். பேய் பிசாசு என்றால் பயமும் அதிகம்.

“முதல்லேருந்து சொல்லு, மாயக்கா,” என்றாள் தமிழ்வாணி.

மாயக்காளின் புருஷன் முத்திருளன் கீழக்குயில்குடிக்காரன். காடு கரை காய்ந்துபோனதும் கட்டட வேலைக்கு வந்து, பிறகு நல்லகாமன் என்ற காண்டிராக்டரிடம் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்தவன். ஆடியில் ஒருநாள் செல்லூர் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவன் போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. திருப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறேன், தேட வேண்டாம். அதோடு போன் அடங்கிவிட்டது. ஸ்டேஷனில் அந்தச் செய்தியைப் படித்துப் பார்த்துவிட்டு, ஓடிப்போன ஆளை எங்கே தேடுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

“மாமியா வீட்ல என்னையும் மகளையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாக. புருசனை வச்சுப் பொழைக்கத் துப்பில்லாதவளாம் நான். கொழுந்தன் ரோட்டுல பாத்தா காறித் துப்புறாரு.” மாயக்காள் அழவில்லை. “அவரு ஓடிட்டாருன்னா ஓடிட்டாருன்னு தெரியணும். செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு தெரியணும். ரெண்டும் தெரியாம நான் என்னன்னுக்கா நெத்தியில பொட்டு வைக்க?”

மகள் சுபலட்சுமி கல்லூரியில் படிக்கிறாள். அப்பன் வேலை பார்த்த இடங்களையெல்லாம் தேடியவள், மாநகராட்சி ஊரார் பார்வைக்கென்று இணையத்தில் வைத்திருக்கும் நகர வரைபடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். தெரு, விளக்குக் கம்பம், குடிநீர்க் குழாய் எல்லாம் அதில் உண்டு. பாதாளச் சாக்கடை பழுப்புக் கோடாக ஓடும். ஆள் இறங்கும் குழிகள் அந்தக் கோட்டின்மேல் வட்டப் புள்ளிகளாக இருக்கும். புள்ளியைத் தொட்டால் குழியைப் பற்றிய குறிப்பு வரும். மூடி இருக்கு, மூடி உடைசல், மூடி இல்லை, இப்படி.

செல்லூரில் கஞ்சித்தொட்டிச் சந்தின் நடுவில் வந்து வந்து மறையும் அந்தப் புள்ளியை, அது இருந்த நேரம் பார்த்துச் சுபலட்சுமி படம் பிடித்து வைத்திருந்தாள். அதன் குறிப்பில் இரண்டே சொல்.

‘ஆள் இருக்கு.’

“பஸ்ஸுல துண்டைப் போட்டு எடம் புடிச்ச மாதிரில்ல எழுதியிருக்கான்!” என்று சிரித்தான் சிவபாண்டி. வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

தமிழ்வாணி தன் போனில் அதே வரைபடத்தைத் திறந்தாள். இன்றைக்குப் புள்ளி இல்லை. பழுப்புக் கோடு மட்டும் சந்து வழியே போயிற்று. அவள் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கோட்டைப் பாரு, சிவபாண்டி. என்ன தெரியுது?”

“சந்து நடுவுல முழங்கை மாதிரி மடங்குது. கோடும் கூடவே மடங்குது. வேற என்னக்கா?”

“வேற ஒண்ணுமில்ல,” என்றாள் அவள். “வண்டியை எடு.”

கஞ்சித்தொட்டிச் சந்தில் ஆட்டோ நுழையாது. இருபுறமும் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் பேசுகிறவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். தரையில் புதிதாகப் பதித்த சிமெண்ட் கல். மடங்கும் இடத்தில் இருந்த வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக.

அந்த வீட்டு சாரதாம்பாள் தறியை விட்டு வெளியே வந்தாள். நூல்தூசி படிந்த முகம்.

“கார்ப்பரேசன்லேருந்தா வாறீங்க? குழாய் போட்டு முடிச்ச நாள்லேருந்து எங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்கே திரும்பி வருது. குளிச்சா கணுக்கால் அளவு நிக்குது. குழாய் போட்டாங்களா, குளம் வெட்டினாங்களா?”

“எலுமிச்சை எதுக்கும்மா? சாக்கடைக்கா?” என்றாள் தமிழ்வாணி.

சாரதாம்பாள் சந்தின் இரு பக்கமும் பார்த்தாள்.

“தட்டுதும்மா. கீழேருந்து. தறி ஓடுறப்ப ஒண்ணும் கேக்காது. கரண்ட் போச்சுன்னா கேக்கும். பட்டப்பகல்ல கேக்கும். எங்க மருமக புள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இன்னொண்ணும் இருக்கு. கரண்ட் போற நாளாப் பாத்து ஒருத்தன் வாரான். தொப்பி, மூஞ்சியில கைக்குட்டை. செருப்பை ஓரமாக் கழட்டி வச்சிட்டு, வெறுங்காலோட நிப்பான். போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிப்பான். போயிருவான். கோயில்லகூட இப்ப யாரும் அப்படி நிக்கிறதில்ல.”

சிவபாண்டி நைசாகத் தன் செருப்பைப் பார்த்தான். கழற்றுவதா வேண்டாமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

சந்து முடியும் இடத்தில் நல்லகாமனின் தகரக் கொட்டகை இருந்தது. நல்லகாமன் வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு, கனத்த சிரிப்பு. பக்கத்தில் அவனுடைய சூப்பர்வைசர் முத்துப்பாண்டி, தூங்கிப் பல நாள் ஆனதுபோல் கண்கள் குழிந்து நின்றான்.

“முத்திருளனா? நல்ல வேலைக்காரன்தான். பொம்பள விசயத்துல சறுக்கிட்டான். அவன் திருப்பூர்ல சொகமா இருக்கான், அவன் பொஞ்சாதி மேப்புல தேடுது,” என்றான் நல்லகாமன்.

“அந்தப் புள்ளி?”

“கம்ப்யூட்டர் கோளாறு. போட்ட குழாயை மேப்புல ஏத்துறது எங்க பொறுப்பு. பாஸ்வேர்டு எனக்கும் இவனுக்கும்தான் தெரியும். நாங்க போடாத புள்ளி எப்படி வரும்? இந்தச் சந்துல அந்தக் கோடிக்கு ஒரு குழி, இந்தக் கோடிக்கு ஒரு குழி. நடுவுல நூல் புடிச்ச மாதிரி நேர் குழாய். வேணும்னா நடந்து பாருங்க. டேய் முத்துப்பாண்டி, கூட்டிட்டுப் போடா.”

முத்துப்பாண்டி முன்னால் நடந்தான். சந்தின் நடுவே நேராகப் போனவன், சாரதாம்பாள் வீடு வந்ததும் விலகிச் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு போனான். சட்டையில் சுண்ணாம்பு அப்பியது. கோலத்தை மிதிக்காமல் விலகுகிறான் என்று நினைத்துச் சிவபாண்டி குனிந்து பார்த்தான். கோலம் இல்லை. சாணி இல்லை, தண்ணீர் இல்லை. வெறும் சிமெண்ட் கல்.

அப்போது மின்சாரம் போயிற்று.

சந்தே செத்ததுபோல் ஆனது. ஒவ்வொரு தறியாக ஓய்ந்து, கடைசித் தறியும் நின்ற பிறகு காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள்.

டொக்.

சிவபாண்டியின் காலுக்குக் கீழே. மெல்ல, பொறுமையாக, திறப்பார்கள் என்று தெரிந்து தட்டுகிறவனின் தட்டு.

டொக். டொக்.

“அக்கா,” என்றான் சிவபாண்டி. திரும்பிப் பார்த்தான். முத்துப்பாண்டி சுவரில் முதுகை ஒட்டிக் கண்ணை மூடி நின்றிருந்தான். தமிழ்வாணி மட்டும் குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரின் மேசைமுன் அவள் நெடுநேரம் பேசினாள். அன்றைக்கே நண்பகலில் மாயக்காள் உட்பட எல்லோரும் சந்தில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் சொல்லித் தறிகள் நிறுத்தப்பட்டிருந்தன. தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்றது. நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டான்.

“ஒரு பொம்பள பேச்சைக் கேட்டு ரோட்டை ஒடைப்பீங்களா, சார்? இது அரசாங்க ரோடு!”

“ஒடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விசயம் கேட்டுக்கிறேண்ணே,” என்றாள் தமிழ்வாணி. “குழாய் நூல் புடிச்ச மாதிரி நேரா போகுதுன்னீங்க. சந்து முழங்கை மாதிரி மடங்குது. நேர் குழாய் போட்டா சாரதாம்பா அடுப்படிக்குள்ள போயில்ல வெளிய வரணும்?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நல்லகாமன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான்.

“மேப்புல கோடு சரியா இந்த எடத்துல மடங்குது. அதான் நெசம். இப்ப கேளுங்க, சார். பாதாளச் சாக்கடைக் குழாயை யாரும் வளைச்சுப் போடமாட்டாங்க. நேரா வந்து ஒரு குழியில விழும். அந்தக் குழிக்குள்ளதான் திசை மாறி அடுத்த குழாய்க்குப் போகும். இல்லைன்னா அடைச்சுக்கிட்டா மூங்கில் விட்டுக் குத்த முடியாது. பைப்பு போடுற எல்லாருக்கும் இது தெரியும். கோடு மடங்குது, குழி இல்லைன்னா, குழியை யாரோ எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். அண்ணன் புள்ளியை அழிச்சாரு. கோடு மடங்குறதை மறந்துட்டாரு.”

“அப்ப சத்தம்?” என்று கேட்டாள் சாரதாம்பாள்.

“குழியை முறையா மூடல. தகரமோ ஏதோ போட்டு, மேல மண்ணைக் கொட்டிக் கல்லைப் பதிச்சிருக்காங்க. உள்ள ஏதோ குழாய் வாயை அடைச்சுக்கிட்டு இருக்கு. அதனாலதான் உங்க வீட்டுத் தண்ணி திரும்பி வருது. நீங்க தண்ணி ஊத்துறப்பல்லாம் உள்ள காத்து முட்டித் தகரத்தை டொக்குன்னு நெளிய வைக்குது. தறிச் சத்தத்துல கேக்காது, கரண்ட் போனா கேக்கும்.”

உள்ளே அடைத்துக்கொண்டிருப்பது எது என்று சிவபாண்டிக்கு விளங்கிவிட்டது. தட்டியது பேய் இல்லை என்று தெரிந்ததும் பயம் போகும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அது போகவில்லை.

“பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்,” என்றாள் தமிழ்வாணி. “அழிக்கிறவரே திரும்பப் போடமாட்டாரு. ஒருத்தர் அழிக்க, இன்னொருத்தர் போட்டுக்கிட்டே இருந்திருக்காரு. வேற யாரும் எழுதவும் முடியாது. முத்துப்பாண்டி, இங்க வாப்பா. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சந்து நடுவுலயே நடந்து காட்டு. சுவத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது.”

முத்துப்பாண்டி நடந்தான். எல்லாக் கண்களும் அவன் காலைப் பார்த்தன. சாரதாம்பாள் வீட்டை நெருங்கியபோது நடை தளர்ந்தது. மடக்கில் வந்து நின்றுவிட்டான். வலது கால் எழும்பியது, காற்றில் நின்றது, திரும்பப் பின்னாலேயே இறங்கியது. அவன் செருப்பைக் கழற்றினான்.

“என்னால மிதிக்க முடியாதுக்கா.”

“டேய்!” என்றான் நல்லகாமன்.

“போதும்ண்ணே.” முத்துப்பாண்டி தரையைப் பார்த்துப் பேசினான். “புதுக் குழாயைப் பழைய லைனோட சேக்க உள்ள அடைப்பை ஒடைக்கணும். மெசினைக் கொண்டுவர நேரமில்லன்னு அண்ணன் முத்திருளனை இறக்கிவிட்டாரு. ஒடைச்சதும் விசவாயு அடிச்சிருச்சு. ஒரு சத்தம்கூட வரல. நான் இறங்கப் போனேன், அண்ணன் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டாரு. போலீஸ் கேஸாயிரும், அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும்னு சொல்லி, அன்னைக்கே தகரத்தைப் போட்டுக் கல்லு பதிக்கச் சொன்னாரு. பதிச்சது நான்தான். மேல வச்சிட்டு இறங்குன அவன் போனைத் திருப்பூருக்குக் கொண்டுபோயி மெசேஜ் அனுப்பிச்சது அண்ணன்.”

“வாயால சொல்லியிருக்கலாமேப்பா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வாய் வரல, சார். மேப்பை ஊரே பாக்கும்னு சொன்னாங்க. யாராச்சும் பாப்பாங்கன்னு எழுதினேன். அண்ணன் அழிப்பாரு, கரண்ட் போயி அந்தத் தட்டு கேக்குறப்பல்லாம் நான் மூஞ்சியை மறைச்சுக்கிட்டு வந்து நின்னு மறுபடி எழுதுவேன். யாருமே பாக்கல. அவன் மக ஒண்ணுதான் பாத்திருக்கு.”

நல்லகாமன் கூட்டத்தை இடித்துக்கொண்டு நகரப் பார்த்தான். சந்து அவ்வளவு குறுகல். சாரதாம்பாளும் தறிக்காரர்களும் விலகவில்லை.

கல்லைப் பெயர்த்தார்கள். மண்ணை அள்ளினார்கள். வளைந்த தகரம் வந்தது. அதைத் தூக்கியபோது சந்து மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. மாயக்காள் மட்டும் முன்னால் போனாள். தீயணைப்பு வீரர் ஒருவர் தடுத்தார். “பாக்க வேண்டாம்மா.”

“அவுக கிடந்திருக்காக. நான் பாக்கக் கூடாதா?”

பார்த்தாள். இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றையும் அதில் தொங்கிய தாயத்தையும் பார்த்தாள். முகம் என்று பார்க்க எதுவும் மிச்சமில்லை. ஒருதரம் தலையை ஆட்டினாள், ஆமாம் என்று. தமிழ்வாணி அவள் தோளைப் பிடித்தபோது அவள் சாயவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஆண் குரல் எடுத்ததும் ஏசத் தொடங்கியது பக்கத்தில் நின்ற சிவபாண்டிக்கே கேட்டது.

“கொழுந்தனாரே, மாயக்கா பேசுறேன். வையிறதைப் பெறகு வையலாம், கேளுங்க. உங்க அண்ணன் எங்கிட்டும் ஓடல. வேலைக்கு இறங்குன எடத்துலயே இருந்திருக்காரு.” அந்தப் பக்கம் சத்தம் நின்றது. “கதவைத் தொறந்து வீட்டைக் கூட்டி வைங்க. வாசல்ல பந்தல் போடச் சொல்லுங்க. நாங்க வாரோம்.”