கண் காட்சி

பதாகையில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அதுவும் எழுத்துப் பிழை இல்லை. 'கண்காட்சி' என்று சேர்ந்து வரவேண்டிய சொல், நடுவில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவுக்கு இடம் விட்டு, 'கண் காட்சி' என்று இருந்தது. அதன் கீழே அதே சிவப்பில், 'திறப்பு விழா, நாளை மாலை'.

கலைக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள், அவ்வளவுதான். ஓவியம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், கீழே பஞ்சர் ஒட்டி முடிகிற வரைக்கும் உட்கார இடம் தேடி ஏறி வருகிறவர்கள். கூடத்தை நடத்துகிறவளை எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிட்டார்கள், அவள் தம்பியைத் தவிர. அவள் எழுதி ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் மட்டும் ஏதோ மாளிகை என்று தோன்றும்: இந்த மாதம் 'உறங்குகிறவர்கள்', அடுத்த மாதம் கண்ணாடிச் சிற்பங்கள், அதற்கப்புறம் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு, நடுவில் ஒரு நாள் ஓவியருடன் உரையாடல்.

பதாகை அடித்தவன் அந்தத் தம்பிதான். அடுத்த தெருவில் அச்சுக்கடை வைத்திருந்தான். போன் போட்டாள்.

"ஏண்டா, கண்காட்சிங்கிறது ஒரே வார்த்தைடா!"

"நடுவுல இடம் விட்டா கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும்னு பாத்தேன்க்கா."

"வார்த்தைக்கு எதுக்குடா காத்தோட்டம், அதுக்கு என்ன வேர்க்குதா? வேற அடிச்சு எடுத்துட்டு வா."

"வரேன், வரேன். இன்னைக்கு என்னமோ தூக்கம் தூக்கமா வருதுக்கா."

"என்னைக்கு உனக்கு வரல?"

அது அபாண்டம் இல்லை. 'உறங்குகிறவர்கள்' படங்களை வரைந்த ஓவியர் அம்மாவுக்கு மாதிரியாகப் படுத்த அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் தூங்குகிற மாதிரி நடித்தார்கள். இவன் ஒருத்தன்தான் உண்மையாகவே தூங்கினான். அந்த அம்மா வரைந்து முடித்து, தூரிகை கழுவி, கடைக்குப் போய் வந்து பார்த்தபோதும் சோபாவில் அப்படியே கிடந்தான். தாய் தகப்பன் போன பிறகு அவனை எழுப்பி விடுவதே மேடத்தின் முதல் வேலையாக இருந்தது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவனை விட்டால் ஆளில்லை.

ஓவியர் அம்மா காலையில் படங்களை இறக்கிவிட்டுப் போகும்போது ஒன்று சொல்லியிருந்தார். "நான் முதல்ல கண்ணை முழுசா வரஞ்சிருவேன். கருமணி, ஈரம், நரம்பு, எல்லாம். அது மேலதான் இமையைப் பூசுவேன். உள்ள கண்ணு இல்லாம வெறும் இமையைப் போட்டா தூங்கற மாதிரி இருக்காதும்மா, செத்த மாதிரி இருக்கும்." மேடம் இதைச் சுவாரசியமான தகவலாக எடுத்துக்கொண்டு, உரையாடல் நாளில் இதையே முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

பதாகை வாசலில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே படங்களை மாட்டத் தொடங்கினாள். டயர் கடைக்கு அன்று விடுமுறை. வழக்கமாகத் தரை வழியே ஏறி வரும் சுத்தியல் சத்தமும் ரப்பர் வாடையும் இல்லாமல், ஓவியச் சாயத்தில் கலந்த ஆளி விதை எண்ணெயின் கனத்த மணம் மட்டும் அறை முழுக்கத் தேங்கி நிற்க, அந்த நிசப்தத்துக்குள் எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம், ஒட்டிக்கிடந்த உதடு மெல்லப் பிரிவது போல, ஈரமாக, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. விளக்கு சூடேறுகிற சத்தம் என்று வைத்துக்கொண்டாள். விளக்கை அணைத்துப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. இருட்டில் கொஞ்சம் கூடியது போலவும் இருந்தது. சட்டென்று மறுபடி போட்டாள்.

கட்டடத்துக் காவலாளியின் படத்தில், இடது இமையின் ஓரத்தில், மயிரிழை அளவு வெள்ளை.

சாயம் உரிகிறது. எண்ணெய்ச் சாயம் சரியாகக் காயாவிட்டால் உரியத்தான் செய்யும். படத்தை இறக்கப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, படத்திலிருக்கிற அதே காவலாளியைக் கூப்பிடப் படியிறங்கினாள்.

அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவர் அதைத்தான் செய்வார்.

"அண்ணே. கொஞ்சம் மேல வாங்கண்ணே."

வழக்கமாக இதற்குள் எழுந்து, "தூங்கல மேடம், யோசனை" என்பார். தோளைத் தட்டினாள். உலுக்கினாள். மூச்சு ஒழுங்காக வந்தது. உடம்பு சூடாக இருந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

இமை மூடியிருக்கவில்லை. மூடியிருந்தால் மேலிமையும் கீழிமையும் சந்திக்கிற ஒரு கோடு இருக்க வேண்டும். கோடு இல்லை. புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும் ஒரே தோல், இடம் விடாமல் சேர்த்து எழுதின சொல்லைப் போல.

எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காவலாளியின் படம் முழுக்க விழித்துவிட்டிருந்தது. ஈரம். நரம்பு. எல்லாம். பக்கத்தில் தையல்கார அம்மாவின் படமும் திறந்திருந்தது. அந்த அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஈரச் சத்தம் இப்போது சுவர் நெடுகிலும் கேட்டது.

தம்பியின் படம் கடைசிச் சுவரில். ஓடினாள். மூடித்தான் இருந்தது. வாய் கொஞ்சம் பிளந்து, தலையணையில் கன்னம் அமுங்கி, பள்ளிக்கூட நாளில் தூங்கின அதே தூக்கம்.

இடது இமையின் ஓரத்தில், வெள்ளை.

வலது உள்ளங்கையைப் படத்தின் கண்கள் மேல் வைத்து அழுத்தினாள். இடது கையால் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"தெருவுல... நடந்து வந்துட்டிருக்கேன். புதுசு அடிச்சிட்டேன்க்கா. ஒரே வார்த்தையா, உன் இஷ்டப்படி."

"தூங்கிராதடா. பேசிக்கிட்டே வா."

"நடந்துக்கிட்டே யாராவது தூங்குவாங்களா?" கொட்டாவி விட்டான். "உனக்கு என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பேசுடா. என்னைத் திட்டு. ஏதாவது பேசு."

"திட்டவா? இப்படியெல்லாம் நல்ல நேரம் வருமா? நீ ஒரு... நீ..."

"தம்பி?"

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நெளிந்தது. மெல்லிசாக. கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி. இமை மயிர்.

இன்னும் அழுத்தினாள். துணி உள்வாங்கியது. சட்டம் சுவரில் முட்டியது. சாயம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

"டேய்! டேய், எழுந்திருடா! நேரமாச்சு! எழுந்திரு!"

போனில் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சும், காலடியும். காலடி நிற்கவில்லை. தெருச் சத்தம் போய், படிக்கட்டின் எதிரொலி வந்தது. போனிலும் கேட்டது. வெளியிலும் கேட்டது.

ஒரு படி. இன்னொரு படி.

வந்துவிட்டான். நடந்து வருகிறவன் விழித்துத்தானே இருக்க வேண்டும்?

"அக்கா."

அவன் குரல்தான்.

"அக்கா, கையை எடுக்கா. ஒண்ணுமே தெரியல."

படத்திலிருந்து அவள் மணிக்கட்டில் சூடாக மூச்சுப் பட்டது.

மெதுவாகத் தலையை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்தாள். தம்பி நின்றிருந்தான். வாய் மூடியிருந்தது. புருவத்துக்குக் கீழே ஒரே தோல், கன்னம் வரைக்கும்.

எதிலும் இடிக்காமல் வந்தான். படம் மாட்ட அவள் வைத்திருந்த ஏணியைச் சுற்றி வந்தான். அவள் பக்கத்தில் நின்றான். அவள் கையின் மேல் தன் கையை வைத்தான். தூங்குகிற குழந்தையின் பிடியை விடுவிக்கிற பதமாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினான்.

முதலில் சுண்டு விரல்.