அமாவாசைக்கு வந்த ஏரம்பு

கச்சாய்க் கடல்நீரேரியில் காட்டுத் தாரா வேட்டை என்றால் கனிசியசும் ஏரம்புவும்தான். கனிசியஸ் ஒரு வெடி வைத்தால் மூன்று தாரா குண்டுபட்டு விழும், நாலாவது மரியாதைக்காகத் தானே விழும் என்று சாவகச்சேரிச் சந்தை முழுக்கக் கதை. ஆனால் நிலவைப் படித்தவன் ஏரம்பு. பூரணைக்குத் தாரா ஆளைக் கண்டுவிடும், கண்டல் மர நிழலில் குந்தவேண்டும். எட்டாம் பிறைக்கு நிலவு சாயுமுன் முடிக்கவேண்டும். கனிசியஸ் துவக்கோடு கரையில் பதுங்குவான். ஏரம்பு இடுப்பளவு தண்ணீரில் சுற்றிப்போய்ப் பறவையைக் கிளப்பி இரண்டு சீழ்க்கை அடிப்பான். சுடு என்று அர்த்தம்.

அமாவாசைக்கு மட்டும் அவன் வரமாட்டான். செத்த தகப்பனுக்கு விரதம்.

துவக்கும் ஏரம்புவினுடையதுதான். பிடியில் செப்புக்கம்பி சுற்றிய, லைசென்ஸ் இல்லாத கிழட்டுத் துவக்கு. கனிசியசுக்கோ லைசென்சோடு சொந்தத் துவக்கு வேண்டும் என்று ஆசை. கள்ளத் துவக்கு ஒன்றைக் காட்டித் தந்தால் சிபாரிசு எழுதலாம் என்றார் ஊரதிகாரியான விதானையார்.

காட்டிக் கொடுத்தான்.

துவக்கைப் பறிகொடுத்த ஏரம்பு, கோட்டில் வழக்கு நடந்தபோதும் கூட்டாளியின் பேரைச் சொல்லவேயில்லை. ஆறு மாத மறியல் தண்டனையைத் தனியே வாங்கிக்கொண்டு போனான். அதன்பிறகு கனிசியஸ், ஏரம்புவின் ஊரான அளவெட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நாலாம் மாதம், ஓர் அமாவாசை, பொழுதுபடும் நேரம். படலையைத் திறந்துகொண்டு ஏரம்பு வந்தான்.

"விட்டிட்டாங்களோ?" கனிசியஸ் திண்ணையை விட்டு எழும்பினான்.

"ஓம் அண்ணை, விட்டாச்சு. வாங்கோ, தாரா இறங்கியிருக்கு."

முகத்தில் கோபமில்லை. இவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்ததும் கனிசியசுக்குப் போன உயிரில் அரைவாசி திரும்பியது. மறுத்தால் சந்தேகப்படுவான். சிபாரிசில் கிடைத்த புதுத் துவக்கை எடுத்துக்கொண்டு நடந்தான்.

வெட்டியெடுத்துச் சட்டை தைக்கலாம், அவ்வளவு கனதியான இருட்டு. முன்னால் போனவனிலிருந்து சந்தனமும் ஈர எள்ளும் மணத்தன.

கனிசியஸ் கரையில் குந்தினான். ஏரம்பு தண்ணீரில் இறங்கினான்.

தண்ணீர் சலசலக்கவில்லை.

தவளைகள் வாயை மூடிக்கொண்டன.

இரண்டு சீழ்க்கை. தண்ணீரிலிருந்து அல்ல.

காதடியில்.

"ஏரம்பு... உனக்கு இண்டைக்கு விரதமெல்லே?"

"என்ரை விரதம் முடிஞ்சுது அண்ணை. இனி மகன் எனக்குப் பிடிக்கிறான். காலமை கீரிமலையிலை எள்ளுந் தண்ணியும் இறைச்சவன்."

சந்தன மணம் இன்னும் கிட்ட வந்தது.

"நீங்கள் விதானையாரிட்டைப் போன அண்டைக்கு, உங்கடை அடுப்படியிலை உங்களுக்குத்தான் தாரா உரிச்சுக்கொண்டிருந்தனான்."

துவக்கைத் தண்ணீரில் எறிந்துவிட்டு ஓடிய ஓட்டத்தில், சால்வை கச்சாயில், ஆள் சாவகச்சேரியில். விடிந்ததும் சந்தைக்கு வந்த அளவெட்டிக்காரர் ஒருவர் சொன்னார், ஏரம்பு மறியலில் காய்ச்சல் கண்டு செத்து இரண்டு மாதமாம். சாகுமட்டும், அண்ணை பார்க்க வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தானாம்.

அடுத்த அமாவாசைக்குக் கனிசியஸ் வெயில் தாழமுன்னமே கதவைப் பூட்டிச் செபமாலையோடு இருந்தான். இருட்டில் ஒருமுறை படலை கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

விடியத் திறந்து பார்த்தான்.

படலையின் குறுக்குத் தடியில் ஒரு துவக்கு கிடந்தது. கோட்டில் பூட்டி வைத்த, செப்புக்கம்பி சுற்றிய அதே துவக்கு. தண்ணீர் சொட்டியது. பிடியில் ஈர எள் ஒட்டியிருந்தது.

துவக்கின் வாய் வீட்டுக் கதவைப் பார்த்தபடி.

வளவுக்குள் எங்கோ, காலை வெயிலில், இரண்டு சீழ்க்கை கேட்டது.